ஒரு டம்ளர், ரெண்டு ஃபேன்

மே 3, 2025, சனி

கம்ப்யூட்டர் ஊளையிடுது. இவ்வளவு நாளும் இப்படித்தானா, இல்ல இவ்வளவு நாளும் நான் கதவைச் சாத்திக்கிட்டு ஹெட்போனோட இருந்தேனா?

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ஏசி இருக்கிறது ஒரே ரூம்லதான். கழுத்துல ஆபரேஷன் முடிஞ்சு வந்த அம்மாவோட கட்டில், என் மேஜை, கம்ப்யூட்டர் மூணும் இப்போ அந்தப் பத்துக்குப் பதினொண்ணுக்குள்ள. ஏசி 27. அதுக்குக் கீழே வச்சா கழுத்தை இழுக்குதாம்.

பகல்ல சத்தம் தெரியறதில்ல. பெரம்பூர்ல பகல்ல எதுதான் தெரியும். ராத்திரி பதினொண்ணுக்கு மேல, எடிட் பண்ணின திருவள்ளூர் கல்யாண வீடியோவை ரெண்டர்ல, அதாவது ஒரே ஃபைலா ஆக்கப் போட்டதும் ஆரம்பிக்குது. ரெண்டு தெரு தள்ளி மாவு மில் ஓடுற மாதிரி. அதுவும் ஒரே சீரா இல்ல, ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிராசசர் சூட்டைத் தண்ணியால இறக்குற லிக்விட் கூலர் 2021-ல வாங்கினது, 240 மி.மீ. ரேடியேட்டர், 120 மி.மீ. ஃபேன் ரெண்டு. ஃபேனுக்கு ஏழு றெக்கை. ஒண்ணு 1480 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு அத்தனை சுத்து) காட்டுது, இன்னொண்ணு 1510. ஒரு நொடிக்குச் சுமார் 25 சுத்து, ஏழால பெருக்கினா 175. அதுதான் அந்த மாவு மில் சுதி. ரெண்டுக்கும் நடுவுல 30 ஆர்பிஎம் வித்தியாசம், அதனால நொடிக்கு மூணரை தடவை ரெண்டும் சேர்ந்து சேர்ந்து பிரியுது. ஏறி இறங்கறதுக்குக் காரணம் அவ்வளவுதான். காரணம் தெரிஞ்சதும் நிம்மதியா இருந்திருக்கணும். இப்போ அது மட்டும்தான் காதுல விழுது.

மே 5, திங்கள்

அம்மாவுக்குக் கால்சியம் மாத்திரை காலைல ரெண்டு, மதியம் ரெண்டு, ராத்திரி ரெண்டு. பேப்பர்ல எழுதி பீரோ கதவுல ஒட்டியாச்சு.

மே 6, செவ்வாய்

முன் பேனலைக் கழட்டினேன். ரேடியேட்டர்ல நாலு வருஷத் தூசி கம்பளி மாதிரி படிஞ்சு கிடக்கு. உரிச்சா ஒரே துண்டா வருது. இதுக்குள்ள காத்து எங்கே போகும்? போக வழி இல்லாததாலதான் ஃபேன் கத்துது. நான் ஃபேனைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

பால்கனிக்குத் தூக்கிட்டுப் போய்ப் பெயிண்ட் பிரஷ்ஷால தட்டினேன். அலுமினிய இழை ரொம்ப மெல்லிசு, நகம் பட்டாலே மடங்கிடும். ப்ளோயர் அடிக்கிறப்போ றெக்கையை விரலால பிடிச்சுக்கணும், இல்லன்னா கண்டபடி சுத்தி பேரிங் போயிடும். பிடிச்சுக்கிட்டு அடிச்சேன்.

அக்கா போன். "ரிப்போர்ட் எப்போ?" "பத்து நாள்னு சொன்னாங்க." "பத்து நாள்னா எதிலேர்ந்து பத்து நாள்?" அதை நான் கேக்கல. கேட்டிருக்கணும்.

ராத்திரி மறுபடி மாட்டி ஓட்டினேன். 1510 ஓடினது 1350-க்கு இறங்கியிருக்கு. சத்தம் குறைஞ்சிருக்கு. ஆனா போகல. ஒரு ஃபேன்ல இப்போ புதுசா ஒரு கிர்ர். பேரிங்தான்.

மே 7, புதன்

பக்கத்து வீட்டு அத்தையை உட்கார வச்சுட்டு ரிச்சி தெரு போனேன். வெயில்ல தார் ஷூவுல ஒட்டுது. மூணு கடை. மூணு கடையிலயும் ஃபேன்னா லைட்டுதான். "ஜி, இது ஆர்ஜிபி ஜி, அரோரா எஃபெக்ட் வரும்." சத்தம் கம்மியா வேணும்பா. "இதுவும் சைலண்ட்தான் ஜி, காதுல வச்சுப் பாருங்க." அந்தத் தெருவுல நின்னுக்கிட்டு ஃபேனைக் காதுல வச்சுக் கேக்கணுமாம்.

ஒரு கடைக்காரர் மட்டும் நின்னு பேசினார், வயசானவர். "ரேடியேட்டருக்கா, கேபினெட்டுக்கா?" அந்த ஒரு கேள்வியிலயே எனக்கு அவரைப் பிடிச்சுப் போச்சு. கேபினெட் ஃபேனுக்குத் திறந்த வெளியில காத்தைத் தள்ளினா போதும். ரேடியேட்டர்ல இழைக்கு நடுவுல முக்கித் தள்ளணும். அதனால பெட்டியில போட்டிருக்கிற காத்து அளவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, ஸ்டாட்டிக் பிரஷர் பார்க்கணும். அதை மில்லிமீட்டர் நீர்மட்டத்துல சொல்றாங்க. ரெண்டு மி.மீ.க்கு மேல இருந்தா நல்லது. ரெண்டு மில்லிமீட்டர் தண்ணி! டம்ளர் அடியில மிச்சம் வச்சுட்டுப் போற அளவு. அதைத் தூக்குற பலத்துக்குத்தான் இவ்வளவு கூச்சல்.

அவர்கிட்ட நான் கேட்டது ஸ்டாக் இல்ல. வெறுங்கையோட வந்தேன். வர்ற வழியில இளநீர், அம்மாவுக்கும் ஒண்ணு. முழுங்க முடியுது. அது போதும்.

மே 8, வியாழன்

விரல் நுனி மரத்துப் போகுதான்னு கேக்கச் சொன்னாங்க ஆஸ்பத்திரில. கேட்டேன். அம்மா இல்லன்னு தலையாட்டினாங்க. அப்புறம் யோசிச்சுட்டு உதட்டைத் தொட்டுக் காட்டினாங்க. போன் பண்ணி கால்சியம் மாத்திரை ஒண்ணு கூட்டியாச்சு.

மே 9, வெள்ளி

மூணு டேப் திறந்து வச்சு ரெண்டு மணி நேரம்.

ஆர்க்டிக் பி12: 1800 ஆர்பிஎம், 2.2 மி.மீ. விலைதான் இதுல பெரிய விஷயம், மத்ததுல ஒண்ணு வாங்குற காசுக்கு இதுல ரெண்டு மூணு வரும். பி கொயட் சைலண்ட் விங்ஸ் 4: 1600 ஆர்பிஎம், முழு வேகத்துல 18.9 டெசிபல். நாக்டுவா என்எஃப்-ஏ12எக்ஸ்25: 2000 ஆர்பிஎம், 2.34 மி.மீ., 22.6 டெசிபல், ஒன்பது றெக்கை. ஃபான்டெக்ஸ் டி30-யும் பார்த்தேன், ஆனா அது 30 மி.மீ. தடிமன். எல்லாரும் 25. என் கேபினெட்ல அந்த அஞ்சு மில்லிமீட்டருக்கு இடம் இல்ல, நீள ஸ்க்ரூ வேற தேடணும். விடு.

22.6-ஐயும் 18.9-ஐயும் பக்கத்துல வச்சுப் பார்த்து முடிவு பண்ணவே கூடாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் ரூம்ல, தன் மைக்ல அளக்குது. வேகமும் வேற வேற. போன்ல டெசிபல் ஆப் போட்டேன். கம்ப்யூட்டர் ஓடினாலும் 38, நிறுத்தினாலும் 38. சீலிங் ஃபேன்! நம்ம தலைக்கு மேல கரகரன்னு ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு, நான் கீழே பதினெட்டா இருபத்திரெண்டான்னு பார்த்துக்கிட்டு இருக்கேன். ஆனா சீலிங் ஃபேன் சத்தம் எனக்குத் தொந்தரவே இல்ல. அதுல பொறந்து வளர்ந்தவன்.

உருப்படியா தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணு. வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். ரெண்டு ஃபேன்ல ஒண்ணை நிறுத்தினா இறங்கறது வெறும் மூணு. ஆக, எத்தனை ஃபேன்ங்கிறது பெரிசில்ல, எவ்வளவு மெதுவா சுத்த வைக்க முடியுங்கிறதுதான். மெதுவா சுத்தியும் இழைக்குள்ள காத்தைத் தள்ளுற ஃபேன் எதுவோ, அதுதான் வேணும்.

மே 10, சனி. விடிகாலை 3.10

ரெண்டு மணிக்குத் திரும்பிப் பார்த்தா கட்டில் காலி.

சுவரைப் பிடிச்சுக்கிட்டுத் தனியா பாத்ரூம் போயிருக்காங்க. கழுத்துல தையல். நான் ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கேன், ஹெட்போன் கூட இல்ல. கூப்பிட்டீங்களான்னு கேட்டேன். மூணு விரல் காட்டினாங்க. மூணு தடவை.

எனக்கு ஒண்ணுமே கேக்கல.

ஆர்டர் போட்டாச்சு. நாக்டுவா ரெண்டு. ஒண்ணு மூவாயிரத்துக்கு மேல. பரவாயில்ல.

மே 10, மதியம்

தலைமாட்டுல எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும். வேணும்னா தட்டணும். ஒரு தட்டு தண்ணி, ரெண்டு தட்டு பாத்ரூம், மூணு தட்டு சும்மா. மூணாவதை அவங்களே சேர்த்துக்கிட்டாங்க.

மே 11, ஞாயிறு

ராத்திரி 12.40-க்கு கரண்ட் போச்சு. இன்வர்ட்டர்ல கம்ப்யூட்டர் இல்ல. திருவள்ளூர் கல்யாணம் தாலி கட்டுறதுக்கு முன்னாடி நின்னுபோச்சு.

கோபம் வர்றதுக்குள்ள அம்மா மூச்சு கேட்டுச்சு. வந்ததிலேர்ந்து முதல் தடவை. உள்ள இழுக்கும்போது லேசா ஒரு விசில், வெளிய விடும்போது ஒண்ணும் இல்ல. இருட்டுல உட்கார்ந்து எண்ணிக்கிட்டிருந்தேன். கரண்ட் வந்ததும் மெஷின் தானா ஆன் ஆச்சு, மூச்சு போச்சு.

அப்போதான் உறைச்சது. நான் ஒரு வாரமா அந்த 175 சுதியைத் துரத்திக்கிட்டு இருக்கேன். அம்மா குரலை மறைச்சது அது இல்ல. அவங்க இப்போ பேசுறதுல சுதியே கிடையாது, குரல் நாண் சரியா சேரல, வெறும் காத்துதான் வருது. ஃபேன்லேர்ந்து வர்ற அந்த உஸ்ஸும் வெறும் காத்து. காத்தைக் காத்து மூடியிருக்கு. ஊளை போனாலும் உஸ் இருக்கிற வரைக்கும் எனக்கு அவங்க கூப்பிடறது கேக்காது.

புது ஃபேன் வந்தாலும் 1300-ல ஓடினா பிரயோஜனம் இல்ல. ஆயிரத்துக்குக் கீழே வரணும்.

மே 12, திங்கள்

ரிப்போர்ட்டுக்காக ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். "வந்தா நாங்களே கூப்பிடுவோம் சார்."

சூட்டையே குறைச்சா என்ன? இவ்வளவு நாள் ஏன் தோணல. பிராசசர் ரைசன் 7 5800எக்ஸ், 142 வாட் வரைக்கும் இழுக்கும். பயாஸ்ல, அதாவது கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்ல, ஈக்கோ மோட் போட்டா 88-ல நிறுத்திடும். போட்டேன். திருவள்ளூர் ரிசப்ஷன் 41 நிமிஷம் ஆனது 46 ஆச்சு. சூடு 84-லேர்ந்து 67. அஞ்சு நிமிஷத்துக்காக இத்தனை வருஷம் 54 வாட்டைக் கூடுதலா எரிச்சு, அதை ஊதித் தள்ள ரெண்டு ஃபேனைக் கதற விட்டிருக்கேன். கல்யாண வீட்டுக்காரங்க ஆல்பம் கேக்குறதே மூணு மாசம் கழிச்சு.

மே 13, செவ்வாய்

பார்சல்.

பெட்டியைத் திறந்ததும் அம்மா எட்டிப் பார்த்தாங்க. பழுப்பும் வெளிர் மஞ்சளுமா ஒரு கலர். யாரும் கம்ப்யூட்டருக்கு இந்தக் கலர் வைக்க மாட்டாங்க. கையைக் காட்டி என்னைக் குனிய வச்சு, காதுல: "டிகாஷனும் பாலும்."

றெக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவுல அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா முடி போற சந்து. அந்தச் சந்து வழியா காத்து பின்னாடி ஒழுகக் கூடாதுன்னுதான் இவ்வளவு நெருக்கமா வைக்கிறாங்க. முழு வேகத்துல நுனி மணிக்கு 43 கிலோமீட்டர்ல போகும், அதுல சாதா பிளாஸ்டிக் வருஷக் கணக்குல இழுபட்டு நீண்டு சட்டத்துல உரசிடும். இதுக்குன்னே நீளாத ஒரு பாலிமர்ல செஞ்சிருக்காங்க. காசு அங்கேதான் போகுது. லைட்டுக்கு இல்ல.

மாட்டுறது பெரிய பாடு. கூட வர்ற குட்டி ஸ்க்ரூ கேபினெட்டுக்கு, ரேடியேட்டருக்கு ஆகாது. பழைய நீள ஸ்க்ரூவேதான், எட்டையும் ஒரு கிண்ணத்துல போட்டு வச்சிருந்தேன். ஏழுதான் இருந்துச்சு. எட்டாவது கட்டிலுக்கு அடியில, கால்சியம் அட்டைக்குப் பக்கத்துல. வேற நீள ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருந்தா குழாய்ல ஓட்டை விழுந்து தண்ணி முழுக்க போர்டு மேல. கை நடுங்கினது அதனாலதான்.

கூடவே வந்த ஒய் கேபிள்ல ரெண்டையும் ஒரே பின்ல கொடுத்துட்டேன். 900 ஆர்பிஎம். ரெண்டர் ஓடுது, 71 டிகிரி.

ஒண்ணும் கேக்கல. சீலிங் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். அப்பவும் ஒண்ணும் கேக்கல.

மே 14, புதன்

கேக்குது. க்ளக். க்ளக். க்ளக்.

ஃபேன் அடங்கினதும், கூலர்ல தண்ணியைச் சுத்த விடுற பம்ப் வாயைத் திறந்திருக்கு. மாட்டும்போது கேபினெட்டைப் படுக்க வச்சேன், உள்ள இருக்கிற காத்துக் குமிழி பம்ப்புக்கு வந்துடுச்சு போல. நிமிர்த்தி, இந்தப் பக்கம் சாய்ச்சு, அந்தப் பக்கம் சாய்ச்சு, குழந்தைக்கு ஏப்பம் விட வைக்கிற மாதிரி ஒரு மணி நேரம். ரேடியேட்டர் மேல் நுனி பம்ப்பை விட உசரத்துல இருந்தா குமிழி அங்கே போய் ஒதுங்கிக்கும். இருக்கு. ஆனா போக மாட்டேங்குது.

இன்னொண்ணு. ஒரு வெப்சைட் திறந்தாகூட பிராசசர் சூடு சட்டுனு 20 டிகிரி ஏறி இறங்குது, ஃபேனும் கூடவே உஸ்ஸுனு ஏறி இறங்குது. கூலர்ல இருக்கிற தண்ணி சூடாக நிமிஷக் கணக்காகும். தண்ணிக்கு இல்லாத அவசரம் ஃபேனுக்கு எதுக்கு? பத்து செகண்ட் தாமதம் வச்சேன். 75 டிகிரி வரைக்கும் 900-லயே நில்லுன்னு கோடு போட்டேன்.

மே 15, வியாழன்

போன் வரல. வைகாசி பொறந்தாச்சு, நாலு முகூர்த்தம் புக்கிங். எதுக்கும் சரின்னு சொல்லல.

மே 16, வெள்ளி

க்ளக் போயிடுச்சு. நான் ஒண்ணும் பண்ணல. தானா வந்தது தானா போச்சு.

ராத்திரி ஒண்ணரைக்கு "டேய்". டம்ளர் இல்ல, வாய்தான். "டே"யில கொஞ்சம் குரல் இருந்துச்சு, "ய்" காத்து. திரும்பினேன். என்னம்மா? ஒண்ணும் இல்லையாம். கேக்குதான்னு பார்த்தாங்களாம்.

மே 17, சனி

பழைய ஃபேன் ரெண்டையும் குப்பையில போட மனசு வரல. துடைச்சு லாஃப்ட்ல வச்சேன்.

மே 18, ஞாயிறு

நேத்து சாயங்காலமே மிஸ்டு கால் இருந்திருக்கு. போனை சைலண்ட்ல போட்டிருந்தேன். நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ரிப்போர்ட்ல என்னன்னு போன்ல சொல்ல மாட்டாங்களாம். எப்பவும் சொல்ல மாட்டாங்களா, இல்ல இதை மட்டும் சொல்ல மாட்டாங்களான்னு கேட்டேன். லைன்ல இருந்த பொண்ணு, "டாக்டர்தான் சார்".

அம்மாகிட்ட நேரத்தை மட்டும் சொன்னேன். எந்தப் புடவைன்னு கேட்டாங்க. கழுத்து உரசாத ஜாக்கெட் எடுத்து வச்சாச்சு.

900-ஐ 850 ஆக்கினேன். அப்புறம் 800. 74 டிகிரி. இன்னும் இறக்கலாம்.

மே 19, திங்கள். காலை 7.40

அக்கா எழும்பூர்ல இறங்கிட்டா. ஆட்டோ எட்டரைக்கு. ரெண்டர் ஓடுது, நிறுத்தல, வந்து பார்த்துக்கலாம். டம்ளரைப் பையில போடச் சொல்றாங்க, அங்கே எதுக்கும்மா அ—