பள்ளிக் கட்டடத்துக்கு யாரைப் போய்ப் பார்ப்பது?

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு பழுதான பள்ளிக் கட்டடங்களை மாநிலம் முழுக்க இடித்தார்கள். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலும் இரண்டு வகுப்பறைகள் போயின. இடித்தது சரிதான். ஆனால் திரும்பக் கட்டுவது பற்றி யாரும் பேசவே இல்லை. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் வராந்தாவில் நடந்தன. சாரல் அடித்தால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்குவார்கள்.

தலைமை ஆசிரியையிடம் கேட்டோம். "ஆசிரியர் போதவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு நான் எழுதலாம். கட்டடம் யூனியனுடையது, அதாவது ஊராட்சி ஒன்றியத்துடையது, அங்கேதான் கேட்கணும்" என்றார்.

பாதி ஊருக்கு இந்த விவரம் தெரியாது. ஊரகத் தேர்தலில் ஒருவருக்கு நாலு ஓட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். பிரசிடெண்டை எல்லாருக்கும் தெரியும், எதற்கும் அவரிடம்தான் போவோம். அவர் தண்ணீரும் தெருவிளக்கும் பார்ப்பார். வகுப்பறை கட்ட வேண்டுமானால் பச்சைச் சீட்டில் நாம் தேர்ந்தெடுத்தவரைத் தேட வேண்டும். எங்கள் கவுன்சிலர் பக்கத்து ஊர்க்காரர். ஓட்டுப் போட்ட பலருக்கு அவர் பெயரே நினைவில்லை. யூனியன் அலுவலகத்தில் கேட்டுத்தான் போன் நம்பர் வாங்கினோம்.

வெறுங்கையோடு போக வேண்டாம் என்று எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி சொன்னார். 2022-ல் அந்தக் குழுவை மறுபடி அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருவர். தலைவியாக மாணவரின் தாய்தான் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் தலைவி நூறு நாள் வேலைக்குப் போகிறவர். எந்த அதிகாரி முன்னாலும் தயங்காமல் பேசுவார், அதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. குழுவில் தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் அதையே தீர்மானமாக்கினோம். வாசித்துக் காட்டச் சொல்லி, பதிவேட்டில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் எழுந்தோம்.

இரண்டு நகலையும் பார்த்ததும் கவுன்சிலரின் பேச்சே மாறிவிட்டது. "இது கையில் இருந்தால் நான் ஒன்றியக்குழுக் கூட்டத்தில் கேட்க முடியும்மா" என்றார், கேட்கவும் செய்தார். ஒன்றியக்குழுத் தலைவரான சேர்மனும் கவுன்சிலர்கள் ஓட்டில் வந்தவர்தான் என்பதால், உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அப்புறம்தான் ஓவர்சியர் வந்து அளந்து எஸ்டிமேட் போட்டார். ஒன்றியப் பள்ளிகளுக்கென்றே குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டம் வந்திருந்தது. அதில் எங்கள் பள்ளியின் பெயரைச் சேர்த்தார்கள்.

நடுவில் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கும் போனோம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்றாலும், தொகுதி முழுக்கப் பங்கு போக வேண்டும். வகுப்பறைக்கு ஏற்கெனவே திட்டம் இருப்பதால் சுற்றுச்சுவர் மாதிரி வேறு வேலைக்குக் கேளுங்கள் என்று உதவியாளர் நல்லபடியாகச் சொல்லி அனுப்பினார். அது நியாயமான பேச்சு.

வகுப்பறைகள் கட்டி முடித்துப் பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். சுற்றுச்சுவர் இன்னும் பாக்கி. 2025 ஜனவரி 5-ல் எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கூட்டத்தில் எழுந்து கேட்கக் கவுன்சிலர் இல்லாமல் போனதால், சுற்றுச்சுவருக்கான தீர்மானத்தைத் தலைவியே நேராக வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ.) கொடுத்து ஒப்புகை வாங்கினார். ஒரு நகல் எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் இருக்கிறது.