பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை: நமக்கு நாமே திட்டத்தில் நடைபாதை போட்ட அனுபவம்

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் பேரூராட்சி. பஸ் நிறுத்தத்திலிருந்து மேல்நிலைப் பள்ளி வாசல் வரை இப்போது நடைபாதை இருக்கிறது. செலவில் மூன்றில் ஒரு பங்கு ஊர்ப் பணம், மீதி அரசுப் பணம். எப்படி வாங்கினீர்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் தருகிறது. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய பிள்ளை லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவில்தான் நடக்க வேண்டியிருந்தது. இந்தக் கடைசி முந்நூறு நானூறு மீட்டரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. இரண்டுக்கும் தொகுதி முழுக்க வரிசையில் நிற்கிறார்கள். நாங்கள், மக்களும் அரசும் செலவைப் பங்குபோட்டுக்கொள்ளும் நமக்கு நாமே திட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். 1997இல் வந்து இடையில் நின்றுபோய், 2021இல் மறுபடி உயிர்பெற்ற திட்டம் அது. மதிப்பீடு 9 லட்சம் என்றால் மக்கள் பங்கு 3 லட்சம்.

பணத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது சாலை யாருடையது என்பதை. இதை அழுத்திச் சொல்கிறேன், நிறைய மனுக்கள் விழுவது இங்கேதான். ஊருக்குள் ஓடுகிற சாலை எல்லாம் பேரூராட்சியுடையது அல்ல. சில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும். அங்கே பேரூராட்சி ஒரு கல் பதிக்க வேண்டும் என்றாலும் அந்தத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (நிலம் யாருடையது என்று எழுதியிருக்கும் பதிவேடு) புல வரைபடத்தையும் (நிலத்தின் எல்லை, அளவு காட்டும் படம்) பார்த்து, சர்வே எண்ணோடு மனு எழுதினோம். எண் இருந்தால் ‘இடம் எது’ என்று கேட்டு மனு திரும்பி வராது.

அப்புறம் அளவு. பொறியாளர் டேப்போடு வந்த அன்று நாங்களும் கூடவே நடந்தோம். சாலைகளுக்கு அளவும் தரமும் வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. எங்கள் தெருக்கள் செட்டிநாட்டுத் தெருக்கள், நேராக, அகலமாக இருப்பவை. இடம் தாராளமாக உண்டு. ஆனால் வீட்டுக்கு வீடு கார் ஏறுவதற்குப் போட்ட சிமெண்ட் சாய்தளம் சாக்கடையைத் தாண்டித் தெருவுக்குள் நீண்டிருந்தது. ஒன்று அரை மீட்டர், இன்னொன்று ஒரு மீட்டருக்கும் மேலே. சாக்பீஸால் கோடு போட்டபோதுதான் அந்த வீட்டுக்காரர்களுக்கே அது தெரிந்தது.

இடிக்கச் சொன்னால் சண்டை வரும் என்று பயந்தோம். முதல் வீடு ஓர் ஆச்சியுடையது. கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, “பிள்ளைக நடக்கத்தானே தம்பி, எடுத்துக்கங்க. கார் ஏற மட்டும் வழி விட்ருங்க” என்றார். அவர் சொன்ன பிறகு மற்ற வீடுகளில் பேசுவது எளிதாகிவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் நடைபாதையைத் தாழ்த்தி இறக்கும்படி மதிப்பீட்டிலேயே எழுத வைத்தோம். சக்கர நாற்காலிக்கும் அதுதான் வழி.

மதிப்பீட்டை வரிவரியாகப் படியுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி, 1 சதவீதத் தொழிலாளர் நல நிதி எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு அந்த மொத்தத்துக்குத்தான். கல் விலையை மட்டும் வைத்து வசூலித்தால் துண்டு விழும்.

வசூலில் சிரமமே இல்லை. ஊருணி வெட்டுவதற்கும் கோயில் திருப்பணிக்கும் பணம் சேர்த்துப் பழகிய மண் இது. நகரத்தார் கோயில்களில் புள்ளிக்கு, அதாவது மணமான ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அதே முறையில் வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்தோம்; சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் கூடுதலாகத் தந்தார்கள். டீக்கடை அண்ணன் கொடுத்த நூறு ரூபாய்க்கும் ரசீது போட்டோம். கையில் ரொக்கமாக வைத்துக்கொள்ளாமல் வங்கி வரைவோலை எடுத்து, செலுத்தியதற்கு ஒப்புகை வாங்கினோம்.

பிறகு காத்திருப்பு. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு. இந்த வரிசையில் ஏதோ ஒரு மேசையில் கோப்பு அசையாமல் கிடந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் வந்தது என்று மட்டும் கேட்டோம். பதில் தர 30 நாள் கெடு. அதற்குள் கோப்பு கிளம்பிவிட்டது. கோபத்தைக் கடிதத்தில் கொட்டாமல் தேதியை மட்டும் கேட்பது நல்ல பலன் தருகிறது.

வேலை நடக்கும்போதும் விலகிப் போகாதீர்கள். பேவர் பிளாக்குக்குக் கீழே மண்ணைக் கெட்டிப்படுத்தாமல் விட்டால் முதல் மழையிலேயே கல் குழிவிழும். முடிந்த வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதும்போது உடன் இருக்க அனுமதி கேளுங்கள், பங்கு கொடுத்தவர்கள் என்பதால் மரியாதையாகவே காட்டுகிறார்கள்.

அடுத்து பஸ் நிறுத்தத்தில் சைக்கிள் நிறுத்தக் கூரை போட வேண்டும். சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் சைக்கிளை அங்கே விட்டுவிட்டு காரைக்குடிக்கு பஸ் ஏறலாம். இதற்குச் சட்டமன்ற உறுப்பினர் நிதியைக் கேட்டு, சர்வே எண்ணும் புல வரைபடமும் இணைத்து மனு கொடுத்திருக்கிறோம்.