கோதுமைக் கப்பலில் பேரரசர்களைப் பற்றிய வாதம்

ருமேனியாவின் கான்ஸ்டான்சா துறைமுகத்தில் கோதுமை ஏற்றி எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இறக்கும் சரக்குக் கப்பல் ஒன்றில் நான் செகண்ட் ஆபீசராகப் பணியாற்றிய காலத்தில், எங்கள் கேப்டனுக்கும் எனக்கும் இடையே ஒரு வாதம் மாதக்கணக்கில் நடந்தது. கேப்டன் கிரேக்கர், கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்டிருந்த கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியப் பேரரசின் வரலாற்றைத் தம் குடும்ப வரலாற்றைப் போல அறிந்தவர். திறமையும் நேர்மையும் உள்ள ஒரு தனியாட்சியாளர் கிடைத்துவிட்டால் அந்த நாட்டுக்குத் தேர்தலும் நாடாளுமன்றமும் தேவையில்லை என்பது அவர் கட்சி. மக்களாட்சியில் எத்தனை குறை இருந்தாலும் அதை எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

நள்ளிரவு முதல் நான்கு மணி வரை கப்பலைக் கவனித்துச் செலுத்தும் வாட்ச் என்னும் முறைப்பணி என்னுடையது. கேப்டனுக்கு உறக்கம் குறைவு. ஒரு மணி வாக்கில் காபியோடு, கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையான பிரிட்ஜுக்கு ஏறி வந்துவிடுவார். எங்கள் வழியும் அந்தப் பேச்சுக்கு ஏற்ற வழி. கருங்கடலிலிருந்து பாஸ்பரஸ் நீரிணைக்குள் இறங்கி, பழைய கான்ஸ்டான்டிநோபிளான இஸ்தான்புல்லைக் கடந்து, மர்மரா கடலையும் டார்டனெல்ஸ் நீரிணையையும் தாண்டி ஏஜியன் கடலுக்குள் நுழைவோம். எங்கள் கோதுமை வடக்கிலிருந்து எகிப்துக்குப் போனது. பைசாந்தியர் காலத்தில் எகிப்தின் கோதுமைதான் இதே நீர்வழியாக வடக்கே வந்து தலைநகருக்குச் சோறு போட்டது. அந்தக் கோதுமையிலிருந்து நகரத்தாருக்கு நாள்தோறும் 80,000 பங்கு ரொட்டி இலவசமாக வழங்க 332இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஏற்பாடு செய்தார்.

கேப்டனின் வாதம் எப்போதும் கப்பலிலிருந்தே தொடங்கும். நீரிணையின் நடுவில் சுக்கானை எந்தப் பக்கம் திருப்புவது என்று வாக்கெடுப்பா நடத்துகிறோம் என்று கேட்பார். அதன்பின் தம் நாயகனான இரண்டாம் பேசிலுக்கு வருவார். 976 முதல் 1025 வரை ஆண்டவர் அந்தப் பேரரசர். பல்கேரியரை வென்றதற்காக மற்றவர்கள் அவரைப் போற்றலாம். கேப்டன் போற்றியது அவருடைய நிலச் சட்டங்களுக்காக. 927-928ஆம் ஆண்டின் கொடிய குளிர்காலத்திலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும், பேரரசின் செல்வாக்கு மிக்க குடும்பங்கள் பசித்த உழவர்களின் நிலங்களை அற்ப விலைக்கு வாங்கிக் குவித்தன. அதைத் தடுக்கப் பல பேரரசர்கள் சட்டம் இயற்றினார்கள். நாற்பது ஆண்டுகள் அனுபவித்துவிட்டால் நிலம் தமக்கே சொந்தம் என்று வலியவர்கள் சொல்லிக்கொள்ள இருந்த வழியை 996இல் அடைத்தவர் பேசில். சில ஆண்டுகளில் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஓர் ஊரில் வறியவர்கள் செலுத்த முடியாத வரியை அங்குள்ள பெரும் நிலவுடைமையாளர்களே செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். மடங்களும் திருச்சபையும் அந்தச் சுமையில் பங்கேற்க நேர்ந்தபோது தலைமைக் குருவே நேரில் வேண்டியும் அவர் இறங்கி வரவில்லை. நிலவுடைமையாளர்கள் நிறைந்த எந்த அவை இப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றியிருக்கும் என்று கேப்டன் கேட்பார். அந்தக் கேள்வியின் வலுவை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிடவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அவைகள் நிலமுள்ளோரின் கோட்டைகளாக இருந்த காலங்கள் உலகில் நிறையவே உண்டு.

என் முதல் மறுமொழி ஆறாம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியனைப் பற்றியது. நாங்கள் டார்டனெல்ஸை விட்டு வெளியே வந்ததும் தென்படும் டெனெடோஸ் தீவில் அவர் 280 அடி நீளமும் 90 அடி அகலமும் கொண்ட ஒரு தானியக் களஞ்சியத்தைக் கட்டினார் என்று அவர் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதியிருக்கிறார். எதிர்காற்று வீசினால் எகிப்தின் தானியக் கப்பல்கள் நீரிணைக்குள் நுழைய முடியாமல் நாட்கணக்கில் காத்துக்கிடக்கும். சரக்கை அந்தத் தீவிலேயே இறக்கிவிட்டால் அவை உடனே திரும்பிச் சென்று இன்னொரு நடை வரலாம். காற்று மாறியதும் வேறு கப்பல்கள் தானியத்தை நகருக்குக் கொண்டுசெல்லும். சரக்குக் கப்பலில் வேலை செய்யும் எவரும் இந்த ஏற்பாட்டின் அருமையை உடனே உணர்வார். நங்கூரமிட்டுக் காத்திருப்பதுதான் இத்தொழிலின் பெரிய நட்டம். அதை அன்றே கணக்கிட்டு ஒரு பேரரசர் தீர்வு கண்டிருக்கிறார்.

ஆனால் அதே புரோகோபியஸ் மறைவாக வேறொரு நூலும் எழுதி வைத்தார். டார்டனெல்ஸிலும் பாஸ்பரஸிலும் ஜஸ்டினியன் சம்பளத்துக்கு அமர்த்திய சுங்க அதிகாரிகள் கப்பல்காரர்களைக் கசக்கிப் பிழிந்ததும், தலைநகரத் துறைமுகத்தில் கேட்ட கட்டணத்தைத் தாங்க முடியாமல் சிலர் தங்கள் கப்பல்களைத் தாங்களே கொளுத்திவிட்டுத் தொழிலை விட்டதும் அந்த நூலில்தான் இருக்கின்றன. அவர் காழ்ப்போடு எழுதினார், பேரரசரை அசுரன் என்றே சொல்லும் அளவுக்குப் போனார் என்பது உண்மைதான். எனினும் களஞ்சியத்தைப் பாடும் நூல் பேரரசர் காணும்படி வந்தது. சுங்கக் கொடுமையைச் சொல்லும் நூல் 1623இல்தான் முதன்முதலாக அச்சேறியது. ஜஸ்டினியன் நல்லவரா தீயவரா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. தம் அதிகாரிகள் கடலில் என்ன செய்கிறார்கள் என்பதை அவருக்கு யார் சொல்ல முடிந்தது என்பதே முதல் கேள்வி.

சொல்ல ஓர் இடம் இருந்தது என்றார் கேப்டன்: ஹிப்போட்ரோம் என்னும் தேரோட்டக் களம். பேரரசர் தம் மாடத்தில் அமர்ந்திருக்க, நகரத்து மக்கள் நேருக்கு நேர் நின்று குரல் எழுப்பிய இடம் அது. உண்மைதான், 532 ஜனவரியில் அந்தக் குரல் எழும்பவும் செய்தது. வரிக் கொடுமைக்காக வெறுக்கப்பட்ட கப்படோக்கியா நாட்டு ஜானையும் சட்ட அமைச்சர் டிரிபோனியனையும் நீக்கும்படி கூட்டம் கேட்டது. நகரம் பற்றி எரிந்தபோது ஜஸ்டினியன் இருவரையும் நீக்கினார். சில நாட்களில் படைத்தலைவர் பெலிசாரியஸ் தம் வீரர்களோடு களத்துக்குள் புகுந்தார். இறந்தவர்கள் 30,000 பேருக்கு மேல் என்று புரோகோபியஸ் எழுதுகிறார். அமைதி திரும்பியபின் அந்த இரு அமைச்சர்களும் மறுபடி பதவிக்கு வந்தார்கள். அந்த உறுதி இல்லாவிட்டால் ஹாகியா சோஃபியா எழுந்திருக்காது என்பது கேப்டனின் பதில். கலகத்தில் எரிந்த பழைய தேவாலயத்தின் இடத்தில் சில வாரங்களுக்குள் வேலை தொடங்கி 537 டிசம்பரில் முடிந்த கட்டடம் அது. அதன் குவிமாடத்தை நீரிணையிலிருந்து பார்க்கும்போதெல்லாம் என் மனமும் நெகிழ்ந்திருக்கிறது. ஆனாலும் ஓர் அமைச்சரை மாற்றக் கோருவதற்கு நகரையே கொளுத்த வேண்டியிருந்த ஆட்சியை, அந்தக் கட்டடத்தைக் காட்டி நியாயப்படுத்த என்னால் இயலவில்லை.

எங்கள் சீஃப் இன்ஜினியர் கான்ஸ்டான்சாவைச் சேர்ந்தவர். வரலாற்றுப் பேச்சில் அவ்வளவாகக் கலந்துகொள்ளமாட்டார். ஒருநாள் மெஸ் அறையில் இந்த வாதம் சூடேறியபோது அவர் தம் இளமைக்காலத்தைச் சொன்னார். ருமேனியாவின் சர்வாதிகாரி சௌசெஸ்கு வெளிநாட்டுக் கடனை அடைத்தே தீருவது என்று உறுதி பூண்டு உணவுப் பொருள்களை ஏற்றுமதி செய்த 1980களில், துறைமுகத்தில் கப்பல்கள் நிரம்பிக்கொண்டிருக்க, அவருடைய தாயார் விடியுமுன்பே ரொட்டிக்கு வரிசையில் நிற்பாராம். கடன் 1989இல் அடைந்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே ஆட்சியும் இரத்தத்தில் முடிந்தது. தலைவருடைய கணக்கு சரியாகத்தான் இருந்தது, எங்கள் வீட்டில் ரொட்டி இல்லை என்று சொல்லத்தான் ஆளில்லை என்றார். கேப்டன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவர் பேசில் அல்லவே என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பதிலில்தான் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நல்ல தனியாட்சியை விரும்புகிறவர்கள் எப்போதும் பேசிலைத்தான் கற்பனை செய்துகொள்கிறார்கள். அவர்கள் கணக்கில் போக்காஸ் வருவதில்லை. 582 முதல் 602 வரை ஆண்ட பேரரசர் மௌரிசியஸ் திறமையற்றவர் அல்லர். பாரசீகப் போரை நல்ல முறையில் முடித்தவர். கருவூலம் வற்றியிருந்ததால் சிக்கனம் பார்த்தவர். டானியூப் ஆற்றுக்கு அப்பால் பகைநிலத்திலேயே குளிர்காலத்தைக் கழிக்கும்படி அவர் ஆணையிட்டபோது படை கலகம் செய்தது. பேரரசரை மாற்ற வேறு வழி எதுவும் இல்லாததால் போக்காஸ் என்ற சிறு அதிகாரியை அது தலைவனாக்கித் தலைநகருக்குள் கொண்டுவந்தது. மௌரிசியஸின் கண்முன்னே அவருடைய மகன்களைக் கொன்று, பின் அவரையும் கொன்றார்கள். அந்தக் கொலையைக் காரணம் காட்டிப் பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ரு தொடுத்த போர் கால் நூற்றாண்டு நீடித்தது. எகிப்தும் பறிபோனது, தலைநகரின் இலவச ரொட்டி 618இல் நின்றுபோனது. குளிர்கால முகாம் குறித்த ஒரு குறையைத் தீர்த்துக்கொள்ள வழியில்லாமல் போனதற்கு மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதி முழுவதும் கொடுத்த விலை அது.

கப்பலை நாட்டுக்கு உவமையாக்கிய கேப்டனுக்கு நான் கப்பலிலிருந்தே பதில் சொல்ல வேண்டியிருந்தது. பாஸ்பரஸ் மிகக் குறுகும் இடத்தில் அகலம் 700 மீட்டர்தான், கடும் நீரோட்டம், யெனிகோய் அருகே 80 பாகை அளவுக்குத் திரும்ப வேண்டும். ஒரு பயணத்தில் அந்தத் திருப்பத்துக்கு முன், நீரிணையில் வழிகாட்டக் கப்பலில் ஏறியிருந்த பைலட் வலப்பக்கம் திருப்பச் சொல்ல, சுக்கான் பிடித்திருந்தவர் வாயால் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கையால் இடப்பக்கம் திருப்பினார். பைலட்டும் கேப்டனும் எதிரே வந்த கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுக்கான் காட்டியைக் கவனித்துக் குரல் கொடுத்தவர், கடலுக்கு வந்து சில மாதங்களே ஆன பயிற்சி மாணவர். நொடிகளில் சரிசெய்தோம். நங்கூரமிட்டபின் கேப்டன் அந்த மாணவரை எல்லார் முன்னிலையிலும் பாராட்டி, தவறாகவே இருந்தாலும் சந்தேகம் வந்தால் உரக்கச் சொல் என்றார். நான் பணியாற்றிய கேப்டன்களில் இளையவர்கள் சொல்வதை அவரளவுக்குச் செவிகொடுத்துக் கேட்டவர் வேறு ஒருவர் இல்லை.

அன்றிரவு இதையே அவரிடம் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொள்வது என் இயல்பு, பேசிலுக்கும் அந்த இயல்பு இருந்திருக்கலாம் என்றார். அது இயல்பை நம்பி விடப்பட்ட ஏற்பாடு அல்ல என்பதை நான் வற்புறுத்தினேன். 1987 மார்ச்சில் ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் என்னும் பயணிகள் கப்பல் முகப்புக் கதவு திறந்தபடியே பெல்ஜியத்தின் சீப்ரூக் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிக் கவிழ்ந்து 193 பேர் மாண்டார்கள். கதவு மூடியிருக்கிறதா என்று காட்டும் விளக்கைப் பிரிட்ஜில் பொருத்தித் தரும்படி அந்நிறுவனத்தின் கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தும் மேலிடம் அதைப் பொருட்படுத்தவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. அத்தகைய விபத்துகளுக்குப் பின் உருவான ஐ.எஸ்.எம். என்னும் சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு மேலாண்மை விதித்தொகுப்பு 1998 முதல் கட்டாயமாயிற்று. பாதுகாப்பு குறித்த இறுதி முடிவு கேப்டனுடையது என்று சொல்லும் அதே தொகுப்பு, நிறுவனத்தின் உச்ச நிர்வாகத்தை நேரடியாக அணுகக்கூடிய ஒரு பொறுப்பாளர் கரையில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கேப்டனைத் தாண்டியும் நான் அந்தப் பொறுப்பாளருக்கு எழுதலாம். பிரிட்ஜில் பேசுவதெல்லாம் கருவியில் பதிவாகிறது. துறைமுக அதிகாரிகள் ஏறி வந்து கப்பலையே தடுத்து வைக்கலாம். கேப்டனின் சான்றிதழைப் பறிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய ஒப்பந்தம் முடியும் தேதி கப்பலில் உள்ள அனைவருக்கும் தெரியும். இவ்வளவும் இருப்பதால்தான் ஆபத்தான நேரத்தில் அவர் சொல்லை மறுபேச்சின்றிக் கேட்கிறோம்.

அவர் சளைக்கவில்லை. 1042இல் பேரரசர் ஐந்தாம் மிக்கேல் பேரரசி ஸோயியை நாடுகடத்தியபோது, பெண்கள் உட்பட நகரமே தெருவுக்கு வந்து மிக்கேலை வீழ்த்தியதை வரலாற்றாசிரியர் மைக்கேல் செல்லோஸ் நேரில் கண்டு எழுதியிருப்பதை எடுத்துக்காட்டினார். அதுவும் மக்களின் தீர்ப்புதான் என்றார். தீர்ப்புதான், ஆனால் மடத்தில் அடைக்கலம் புகுந்தவரை இழுத்துவந்து கண்களைக் குருடாக்கித்தான் அதை நிறைவேற்ற முடிந்தது. நான் போற்றும் வாக்குச்சீட்டை நானே கடைசியாக எப்போது போட்டேன் என்றும் அவர் கேட்டார். தேர்தல் நாட்களில் பெரும்பாலும் கடலில் இருந்திருக்கிறேன். வாக்களிக்க இயலாமற்போனது எனக்கு உண்மையான வருத்தம். ஆயினும் என் ஊரில் மற்றவர்கள் வாக்களித்து ஆட்சியை மாற்றியபோது, இறங்கியவர் உயிரோடும் கண்ணோடும் எதிர்வரிசையில் போய் அமர்ந்தார்.

அவருடைய ஒப்பந்தம் அலெக்சாந்திரியாவில் முடிந்தது. புதிய கேப்டன் ஏறி, இருவரும் கணக்குகளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டதும் பொறுப்பு கைமாறியது. பணி ஓய்வு பெற்றுவிட்ட இப்போதும் அவர் எனக்கு மின்னஞ்சல் எழுதுகிறார். பேசிலின் நிலவரிச் சட்டத்துக்கு என் பதில் என்ன என்று விடாமல் கேட்கிறார். என் பதில் இதுதான். பேசில் தமக்குப்பின் ஆள யாரையும் பயிற்றுவிக்கவில்லை. வாரிசற்ற அவருக்குப்பின் வந்த தம்பி எட்டாம் கான்ஸ்டன்டைன், பெயரளவில் கூட்டுப் பேரரசராகவே வாழ்நாளைக் கழித்தவர். 1028இல் அரியணை ஏறிய மூன்றாம் ரோமானோஸ் அந்த வரிச் சட்டத்தை அடியோடு நீக்கினார். எந்த அவையிலும் விவாதிக்கப்படாமல் ஒருவர் கையெழுத்தில் பிறந்த சட்டம், பேசில் மறைந்து சில ஆண்டுகளுக்குள் இன்னொருவர் கையெழுத்தில் ஒழிந்தது. அதனால் காக்கப்பட்ட உழவர்களிடம் அப்போதும் யாரும் எதுவும் கேட்கவில்லை.