கருவமுள்ளும் ஒரு குண்டும்

தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து திரும்பும்போது காலில் கருவமுள். அம்மா ஊக்கைத் தீயில் காட்டி எடுப்பதற்குள் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

இதே கடலூரில் 1748-ல் ஒரு சிப்பாய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெயர் ஜேம்ஸ் கிரே. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடிக்கப் போன ஆங்கிலப் படையாள். இரண்டு காலிலும் காயம். இடுப்புக்குக் கீழே, கவட்டியில் ஒரு குண்டு.

கால் காயத்தை டாக்டரிடம் காட்டியாயிற்று. குண்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

காட்டினால் அது ஜேம்ஸ் இல்லை, ஹன்னா ஸ்னெல் என்கிற பெண் என்று தெரிந்துவிடுமே!

விரலாலேயே தோண்டி எடுத்தாளாம். பின்னாளில் அவள் சொன்ன கதை. கொஞ்சம் மசாலா இருக்கலாம், இருக்கட்டும்.

1750-ல் லண்டன் போய்த்தான் உண்மையைச் சொன்னாள். சீருடையோடு மேடையேறினாள். ராணுவ பென்ஷனும் வாங்கினாள், சும்மாவா!

அந்தக் கதையில் இன்னொருத்தி வருகிறாள். ஆஸ்பத்திரியில் ஹன்னாவைக் கவனித்துக்கொண்ட ஒரு கறுப்புப் பெண். ரகசியம் தெரிந்தது அவளுக்கு மட்டும். பஞ்சும் களிம்பும் யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து கொடுத்தவள்.

நம்மூர்க்காரியாகத்தான் இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

அம்மா மஞ்சள் குழைத்துக்கொண்டு வருகிறாள். "இதுக்கும் கத்தப் போறியா?"