சூரியன் மீது விழும் பழி

சூரியனில் பெரிய சுடர் வெடித்ததாகச் செய்தி வந்த மறுநாள் எங்கள் பிரிவுக்கு வரும் கடிதங்கள் கூடிவிடும். கையடக்க ஜிபிஎஸ் கருவிகளுக்கான உதவிப் பிரிவில் எனக்கு வேலை. மலையேறுபவர்கள், நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்கள், ட்ரோன் பறக்கவிடுபவர்கள், யாரோ ஒளித்துவைத்த பெட்டியை அட்சரேகை தீர்க்கரேகை எண்களை வைத்துக்கொண்டு தேடுபவர்கள் என்று பலரும் எழுதுவார்கள். “நேற்று சூரியப் புயலாமே, அதனால்தான் கருவி வரைந்த என் தடம் ஆற்றுக்குள் இறங்கியிருக்கிறது” என்ற வகைக் கடிதங்கள். நான் கவனித்த வரையில் புகார்கள் சூரியனைப் பின்தொடர்வதைவிடச் செய்தித்தாளைத்தான் பின்தொடர்கின்றன. செய்தி வராத நாளில் வானமே கலங்கியிருந்தாலும் யாரும் சூரியனை நினைப்பதில்லை. “கருவி மட்டம்” என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

அதனால் மற்ற விவரங்களைக் கேட்பதற்கு முன் மணி என்ன என்று கேட்பேன். நினைவிலிருந்து சொல்வதைவிடப் பதிவுக் கோப்பை அனுப்பச் சொல்வது நல்லது. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் இருக்கும். பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

சுடரிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் ஒளியின் வேகத்தில் வருபவை. சுமார் எட்டு நிமிடத்தில் பூமியை எட்டும். ஆனால் பகலாக இருக்கும் பாதியை மட்டும். இரவு பத்து மணிக்குத் தடம் பிசகியது என்பவரின் தலைக்கு மேல் அந்தச் சுடரின் கதிர் படவே இல்லை. பகலில் நின்றவருக்கும் பெரிய இழப்பு கிடையாது. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தின் கீழடுக்கில் எலக்ட்ரான்கள் பெருகிச் சிற்றலை வானொலியை உறிஞ்சிவிடும். பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்காரர்கள் அந்த ஒரு மணி நேரம் வாயடைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஜிபிஎஸ் சமிக்ஞையோ 1575.42 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அது அந்த அடுக்கைப் பொருட்படுத்தாமல் ஊடுருவி வந்துவிடும். வழியில் எலக்ட்ரான்கள் கூடினால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். இந்தத் துறையில் எலக்ட்ரான் அளவுக்கு ஓர் அலகு வைத்திருக்கிறார்கள்: ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு மேல் உள்ள நெடுவரிசையில் ஒன்றுக்குப் பின் 16 சுழியங்கள் போட்ட அளவுக்கு எலக்ட்ரான்கள் இருந்தால் ஓர் அலகு. சமிக்ஞை வந்துசேர ஆன நேரத்தைக் கொண்டே கருவி தூரத்தைக் கணக்கிடுவதால், ஓர் அலகு கூடினால் செயற்கைக்கோளுக்கான தூரக் கணக்கு சுமார் 16 சென்டிமீட்டர் தவறும். ஒரு சுடர் பத்து அலகு கூட்டியதாகவே வைத்துக்கொண்டாலும் ஒன்றரை மீட்டர் சொச்சம்தான். திறந்த வெளியிலேயே செல்பேசியின் பிழை ஐந்து மீட்டர் அளவில் இருக்கும்போது, காட்டுப் பாதையில் நடப்பவர் இதை உணரவே மாட்டார்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சில சுடர்கள் ரேடியோ அலைகளிலும் இரைச்சல் போடும். அந்த இரைச்சல் ஜிபிஎஸ் அலைவரிசையிலேயே விழுந்தால் செயற்கைக்கோளின் மெல்லிய சமிக்ஞை அதில் அமுங்கிப்போகும். 2006 டிசம்பர் 6 அன்று அப்படித்தான் ஆனது. பகல் பக்கத்தில் ஏராளமான ஜிபிஎஸ் வாங்கிகள் தடுமாறின. சுடரின் வகையாகப் பார்த்தால் அது எக்ஸ்6.5 (எக்ஸ்தான் வலுவில் உச்ச வகை, பக்கத்தில் உள்ள எண் கூடக் கூடச் சுடர் பெரிது), அதைவிடப் பெரிய சுடர்கள் பல வந்திருக்கின்றன. எக்ஸுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்த்து ஜிபிஎஸ்ஸின் கதியைக் கணிக்க முடியாது என்பதற்கு இந்த நாளைத்தான் சொல்வேன்.

உண்மையான தொல்லை பெரும்பாலும் பின்னால் வருவது. சுடரோடு சேர்ந்து சில சமயம் சூரியன் காந்தப் புலத்தோடு கூடிய பெரும் மின்மத் திரளை, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்களின் மேகத்தை, வீசும். அது பூமிக்கு வர ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும். வந்து பூமியின் காந்தப் புலத்தைக் கலக்கினால் அது புவிக்காந்தப் புயல். 2024 மே 10, 11 தேதிகளில் வந்தது ஐந்தாம் நிலைப் புயல், 2003 அக்டோபருக்குப் பிறகு அந்த உச்ச நிலைக்குப் போன முதல் புயல். அமெரிக்காவில் விதைப்புப் பருவம் அது. சென்டிமீட்டர் துல்லியத்தை நம்பி வரிசை பிடிக்கும் டிராக்டர்கள் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. 2003 புயலின்போது அமெரிக்க விமானங்களுக்கு உயரத் துல்லியம் தரும் வாஸ் சேவை மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. ஆனால் இவர்களின் தேவை வேறு, நடப்பவரின் தேவை வேறு. சென்டிமீட்டரில் வாழ்பவருக்குப் பேரிடராக இருப்பது, பத்து மீட்டர் தள்ளினாலும் பாதை கண்ணுக்குத் தெரிகிற மலையேறிக்குச் செய்தி மட்டுமே. ட்ரோன்காரர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

அவர்களிடம்தான் எனக்கு வாக்குவாதம் அதிகம். ட்ரோன் பறக்கவிடுபவர்கள் கேபி குறியீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, சுழியத்திலிருந்து ஒன்பது வரை, பூமி முழுவதன் காந்தக் கலக்கத்துக்கும் ஒரே எண். எண் இரண்டு என்றால் பச்சை விளக்கு எரிந்ததாக அர்த்தம் செய்துகொள்கிறார்கள். உயர் அட்சங்களில் அது ஓரளவு செல்லும். காந்த மத்தியரேகைக்கு இருபுறமும் உள்ள பட்டையில் கதை வேறு. அங்கே சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதி மேலெழும்பி, எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் உருவாகிக் கிளம்பும். அவற்றின் விளிம்பைக் கடக்கும் சமிக்ஞை, காற்றில் விண்மீன் மினுக்குவது போல, மினுக்கத் தொடங்கும். கருவி அதைப் பிடிப்பதும் நழுவவிடுவதுமாக இருக்கும். இதற்குச் சுடரும் வேண்டாம், புயலும் வேண்டாம். சில புயல்கள் இந்தக் குமிழிகளைக் கிளம்பவிடாமல் அடக்கிவிடுவதும் உண்டு. சூரியனின் சீற்றம் சுமார் பதினோர் ஆண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்குவதைச் சூரியச் சுழற்சி என்பார்கள்; அதன் உச்ச ஆண்டுகளில், பல இடங்களில் மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், மாலை ஏழு மணி தொடங்கி நள்ளிரவு வரை இது மிகுதி. இப்போதைய சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. உச்சக் காலத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். உச்சம் என்பது ஒரு நாள் அல்ல, சில ஆண்டுகள். அந்தி வெளிச்சத்தில் படமெடுக்கப் போய், கேபி இரண்டில் ட்ரோன் நிலைகுலைந்தது என்று எழுதுபவரை நான் நம்புகிறேன். சூரியன் மீது பழி போடாமல் வரும் இந்தப் புகார்களில்தான் சூரியனின் கை அதிகம்.

எங்கள் விளம்பரப் பிரிவுக்கு இதெல்லாம் பிடிக்காது. இரட்டை அலைவரிசைக் கருவி வந்தபோது “சூரியப் புயலையும் தாங்கும்” என்று அட்டையில் அச்சிடக் கேட்டார்கள். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் கருவி, இரண்டுக்கும் உள்ள தாமத வேறுபாட்டை வைத்து அயனி மண்டலத்தின் பங்கை ஏறக்குறைய முழுவதும் கழித்துவிடும். ஓர் அலைவரிசைக் கருவிக்கு அந்த வசதி இல்லை. செயற்கைக்கோள் ஒலிபரப்பும் எட்டு எண்களைக் கொண்ட பொதுவான சூத்திரத்தை நம்ப வேண்டும், அது பிழையில் பாதியைத்தான் நீக்கும். ஆக, தாமதத்துக்கு இரட்டை அலைவரிசை நல்ல மருந்து. ஆனால் மினுக்கத்தில் சமிக்ஞையே அறுந்துபோனால் கழிப்பதற்கு என்ன இருக்கிறது? கடைசியில் அட்டையில் “துல்லியம் கூடியது” என்று மட்டும் அச்சானது. மந்தமான வாசகம்தான், பொய்யில்லை.

உயரம் பற்றியும் புகார் வரும். ஏறிய மொத்த உயரத்தைப் பெருமையாகக் குறித்துவைப்பவர்கள் அதிகம். எல்லாச் செயற்கைக்கோள்களும் தலைக்கு மேல்தான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் தாமதப் பிழை உயரத்தில் போய்த் தேங்கும். காற்றின் அழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடும் காற்றழுத்தமானி உள்ள கருவியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

இத்தனைக்கும் பிறகு, தடம் ஆற்றுக்குள் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் பாறைச் சுவரும் மரக்கூரையும்தான். சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வந்தால் கருவி அதையும் நேர்வழி என்று எண்ணிக் கணக்குப் போடும். பிரித்தறிய ஒரு வழி வைத்திருக்கிறேன். அதே வளைவில் ஒவ்வொரு முறையும் பிசகினால் அது பாறை. ஒரே மாலையில், வெட்டவெளியில் நின்ற உங்களுக்கும், நூறு கிலோமீட்டர் தள்ளி வேறு நிறுவனக் கருவியோடு நின்ற நண்பருக்கும் சேர்ந்து பிசகினால் சூரியனைச் சந்தேகிக்கலாம். திரையில் காட்டும் “துல்லியம் 4 மீட்டர்” என்ற எண்ணைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். செயற்கைக்கோள்களின் அமைப்பையும் சமிக்ஞையின் வலுவையும் கொண்டு கருவி ஊகித்த எண் அது. எல்லாச் சமிக்ஞைகளும் ஒருசேரத் தாமதப்பட்டால் அதற்குப் பெரும்பாலும் தெரியாது.

பெட்டி ஒளிப்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். 2000 மே மாதம் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை நிறுத்தியது. அடுத்த நாளே ஓரிகனில் ஒருவர் முதல் பெட்டியை ஒளித்துவைத்தார். அதுவும் சூரியச் சுழற்சியின் உச்சக் காலம்தான் என்பது தற்செயல். நடப்பவரின் பிழை அன்றோடு போய்விடும். ஒளித்தவர் கலங்கிய மாலையில் குறித்த எண் அப்படியே நின்றுவிடும். பின்னால் வரும் ஒவ்வொருவரும் தவறான புதரைக் கிளறுவார்கள். ஒரே இடத்தில் நின்று பத்து நிமிடச் சராசரி எடுத்தேன் என்பார்கள். பத்து நிமிடத்தில் அயனி மண்டலம் பெரிதாக மாறாது, சராசரியும் அதே பக்கம் சாய்ந்திருக்கும். இன்னொரு நாள் காலையில் போய் மறுபடியும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு எண்ணை வெளியிடச் சொல்கிறேன். ஒரே பெட்டிக்கு இரண்டு முறை மலையேறச் சொல்கிறீர்களே என்று சலித்துக்கொள்கிறார்கள், சிலர் ஏறுகிறார்கள்.