டிரைவர் சீட்டுக்குப் பட்டி பார்த்த கதை

ஐப்பசி, நடுவில்

வண்டி 2008 மாடல் ஹோண்டா அக்கார்டு கார். என்ஜினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவைத் திறந்து ஏறும்போதுதான் மனசு சுருங்கும். பிஸ்கட் நிற லெதர் சீட். அதில் டிரைவர் சீட்டின் வலது ஓரம், ஏறும்போதும் இறங்கும்போதும் தொடை உரசுகிற அந்த மேடு, நிறம் போய்ச் சாம்பல் பூத்து, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் வருடக்கணக்கான அழுக்கு. கொழுந்து பறிக்கிறவர்களின் விரலைப் பார்த்திருப்பீர்கள், ரேகைக்குள் கறை ஏறிக் கறுத்திருக்கும், எந்த சோப்புக்கும் அசையாது. அதே மாதிரி.

கோத்தகிரியில் சீட் தைக்கிற குஷன் கடைக்காரரிடம் காட்டினேன். உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, "இதை உரிச்சுட்டு ரெக்சின் போட்டுடலாம் சார், ரெண்டு நாள் வேலை" என்றார். முன் சீட் இரண்டுக்கும் ஒன்பதாயிரம். லெதரே வேண்டுமென்றால் கோவைக்குப் போக வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அதைக் கேட்டதும் டீக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் அந்தத் தோலை விட மனசில்லை. வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று கிளீனர், வெடிப்பை நிரப்ப ஃபில்லர், உதிர்கிற நாரைப் பிடிக்க பைண்டர், கலர், மேல்பூச்சுக்கு டாப்கோட் எல்லாம் அடங்கிய செட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். 3,800 ரூபாய்.

பொருள் வந்து சேர்ந்த நேரம்தான் சரியில்லை. மலையின் கிழக்குப் பக்கம் இருப்பதால் எங்கள் ஊருக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகவே பிடிக்கும். ஐப்பசி அடைமழையில் நீர்ப்பெயின்ட் அடிக்கக் கூடாது என்பது கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷெட்டில் வைத்தே துடைத்து, உப்புத்தாள் போட்டு, அந்த ஓரத்துக்கு மட்டும் மூன்று கோட் கலர் ஒற்றிவிட்டேன். அன்று சாயங்காலம் பார்க்க அற்புதமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்தும் விரலில் பிசுபிசு. நான்காம் நாள் நகத்தால் லேசாக நெம்பினேன், காய்ச்சிய பாலின் மேலிருந்து ஆடை வருவது போல உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. இன்னொரு பக்கம் அப்படி உரியவில்லை, மாவாக உதிர்ந்தது. ஒரே சீட்டில் இரண்டு வியாதி.

மாவாக உதிர்ந்ததற்குக் காரணம் குளிர். இந்தக் கலர் தண்ணீரில் கலந்த அக்ரிலிக் வகை. தண்ணீர் ஆவியானால் மட்டும் போதாது. மிச்சமிருக்கும் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாக வேண்டும், அதற்குக் கொஞ்சம் சூடு வேண்டும். ஷெட்டில் தொங்கவிட்ட முந்நூறு ரூபாய் மீட்டர் அன்றைக்கு 14 டிகிரி, ஈரப்பதம் 93 சதவீதம் காட்டியது. அந்தக் காற்றில் துவைத்த துணியே மூன்று நாள் காயாது.

ஆடையாக உரிந்ததற்குக் காரணம் தேங்காய் எண்ணெய்.

இது அம்மா செய்த வேலை. சில வருடங்களுக்கு முன் சீட் வறண்டு தெரிகிறதே என்று ஒரு கிண்ணம் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்திருக்கிறார். "உங்கப்பா செருப்புக்குப் போட்டதுதானேடா" என்றார் இப்போதும். அப்பா போட்டது விளக்கெண்ணெய். அந்தச் செருப்புத் தோலும் வேறு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் எண்ணெயைக் குடிக்கும், குடித்தால் மெத்தென்று ஆகும். எங்கள் ஊரில் எங்கு பார்த்தாலும் நிற்கிற சீகை மரத்தை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். அதை வளர்த்ததற்கு விறகு ஒரு காரணம், தோல் பதனிட உதவும் பட்டை இன்னொரு காரணம். கார் சீட்டுத் தோல் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதனிட்டது. சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். அப்படிப் பதனிட்ட தோலின் மேல் பெயின்ட், அதன் மேல் ஒரு டாப்கோட். நல்ல இடத்தில் எண்ணெய் உள்ளே போகவே போகாது. வெடித்த இடத்தில் மட்டும் இறங்கும், இறங்கினால் அப்புறம் எந்தக் கலரும் அங்கே பிடிக்காது.

அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. அடித்ததை எல்லாம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தெடுத்துவிட்டு, சீட்டின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்துத் தை மாதத்துக்காகக் காத்திருந்தேன்.

தை, முதல் வாரம்

பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகை முடிந்து, பொங்கலும் போனது. காலையில் பல் கிட்டுகிற குளிர், ஆனால் பதினொரு மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். மதியம் மீட்டர் 23 டிகிரி, 45 சதவீதம் காட்டியதும் சீட்டைக் கழற்றினேன்.

கழற்றுவது நான்கு போல்ட் வேலைதான், ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிற வண்டி என்றால் அடியில் மஞ்சள் நிற கனெக்டர் ஒன்று இருக்கும். முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுத்து அப்புறம்தான் அதைத் தொட வேண்டும். சீட் வெளியே இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. ஏர்பேக் பிரிந்து வரவேண்டிய அந்தத் தையல் ஓரத்தில் ஃபில்லரோ பசையோ வைக்கக் கூடாது. நான் அந்தப் பக்கத்தைத் துடைத்ததோடு சரி.

பக்கத்து வீட்டு அண்ணன், அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், ஒரு கை பிடித்தார். திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, "தம்பி, வண்டியை ஸ்டியரிங்கப் புடிச்சு ஓட்டுவியா, சீட்டப் புடிச்சு ஓட்டுவியா?" என்று கேட்டார். அப்புறம் தினமும் பதினொரு மணிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வெயிலில் வைத்துப் பார்த்ததும் ஒன்று தெரிந்தது. முழு சீட்டும் லெதர் இல்லை. உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் மட்டும் தோல், பக்கங்களும் பின்புறமும் வினைல். நிறைய வண்டிகளில் இப்படித்தான். அடியில் மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் தோலின் பின்பக்கம் மெல்லிய நார் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், வினைலின் பின்பக்கம் துணி இருக்கும். இரண்டுக்கும் ஒரே கலர் போடலாம், ஆனால் வினைலை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தால் கோடு விழுந்துவிடும்.

கழுவல். கிளீனரை நுரைத்து, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சுழற்றித் தேய்த்து, ஈரத்துணியால் துடைப்பது. வாளித் தண்ணீர் மூன்று தடவை கடுங்காப்பி நிறத்துக்கு வந்தது. துணி சோப்பு, பாத்திர சோப்பு வேண்டாம், அவை காரம். தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, காரம் பட்டால் விறைத்துப்போகும். அப்புறம் எண்ணெய்க்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால். வெள்ளைத் துணியில் நனைத்து வெடித்த இடத்தில் ஒற்றி எடுத்தேன். முதல் துணியில் மஞ்சளாக வந்தது எண்ணெய். காயவிட்டு மறுபடி ஒற்றினால் உள்ளேயிருந்து மறுபடி மஞ்சள். இப்படி மூன்று நாள், பதினோரு துணி. பன்னிரண்டாவது வெள்ளையாகவே வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், வெடித்த இடத்தில் இரண்டு எண்ணுவதற்குள் உறிஞ்சிக் கறுத்தது. நல்ல இடத்தில் சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போல முத்தாக நின்றது. இனி வேலையைத் தொடங்கலாம்.

பட்டி

400 உப்புத்தாளால் வெடிப்பின் உதடுகளைத் தேய்த்து மட்டமாக்கி, 600 போட்டு மழமழப்பாக்கினேன். பைண்டரை ஸ்பாஞ்சில் தொட்டு உள்ளே இறங்கும்படி அழுத்தித் தேய்த்து இரண்டு தடவை காயவிட்டேன். உதிர்கிற நாரை எல்லாம் பிடித்து நிறுத்துவது இதுதான்.

அடுத்து ஃபில்லர். டிங்கரிங் பட்டறையில் வண்டிக்குப் பட்டி பார்ப்பதை வேடிக்கை பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் கை தானாக அப்பிவிடத்தான் போனது. அந்தப் பட்டி கல்லாக இறுகும், தகரத்துக்கு அது சரி. சீட் ஒவ்வொரு முறையும் அமுங்கி எழுகிறது, அதற்கு ரப்பர் போல வளைகிற தனி ஃபில்லர். காலாவதியான ஏடிஎம் கார்டின் முனையால், வெடிப்பில் நிரம்பி மேலே மிஞ்சாதபடி இழுக்க வேண்டும். கனமாகப் போட்டால் மேல்தோல் காயும், உள்ளே ஈரம் நிற்கும், காய்ந்ததும் குழி விழும். எனக்கு முதல் கோட் அப்படித்தான் விழுந்தது, தாராளமாக வைத்துவிட்டேன். சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லியதாக ஏழு கோட், நடுநடுவே 600 தாள். ஒரு நாளைக்கு மூன்று கோட்டுக்கு மேல் முடியவில்லை. பகல் பதினொன்று முதல் மூன்று வரைதான் நேரம், மூன்றரைக்கு டானிங்டன் பக்கமிருந்து மூட்டம் ஏறிவிடும். ஏறினதும் அண்ணன் எழுந்து, "டூட்டி முடிஞ்சது" என்பார். சீட்டை உள்ளே தூக்கி வைப்போம்.

முடித்தபின் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினேன். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. இரண்டு இடத்தில் இடறியது, மறுபடி தாள்.

நிறம்

இதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. செட்டில் வந்த பிஸ்கட் நிறம் வேறு, என் வண்டியின் பிஸ்கட் வேறு. சீட்டின் நடுப்பகுதியைப் பார்த்து நிறம் சேர்ப்பது தப்பு, அது வெயிலில் வெளுத்து அழுக்கில் பழுத்த நிறம். தலை சாய்க்கிற ஹெட்ரெஸ்டைக் கழற்றினால் அடியில் வெயில் படாத இடம் கிடைக்கும், அதுதான் வண்டியின் அசல் நிறம். அதை வைத்துத்தான் ஒப்பிட்டேன்.

பாட்டிலில் வெள்ளை பிசின் கலந்திருப்பதால் ஈரத்தில் கலர் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி கறுக்கும். ஆகவே கிண்ணத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பொட்டு வைப்பது போல ஒரு துளி வைத்து, ஹேர் டிரையரில் காயவைத்து, அப்புறம்தான் பார்க்க வேண்டும். நான் வெள்ளையில் மஞ்சள் காவி சேர்த்து, தூக்கலாக இருக்கிறதே என்று பல்குத்தியின் நுனியில் கருப்பைத் தொட்டு விட்டேன். ராத்திரி பல்ப் வெளிச்சத்தில் அச்சு அசலாகப் பொருந்தியது. காலை வெயிலில் பார்த்தால் பச்சை! வேகவைத்த பாசிப்பயறு நிறம். அம்மா காபி டம்ளரோடு வந்து நின்று, "என்னடா பாசி பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். மஞ்சளில் கருப்பைக் கலந்தால் பச்சைப் பக்கம்தான் சாயும் என்பது பெயின்டர்களுக்குத் தெரிந்த விஷயம், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைச் சரிசெய்ய சிவப்பு, அதுவும் பல்குத்தி நுனி அளவு. இருபத்திமூன்று பொட்டு வைத்தேன். ஹெட்ரெஸ்டின் அடியில் இன்னும் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கின்றன.

கலந்ததை இரண்டு சீட்டுக்கும் போதுமான அளவு ஒரே பாட்டிலில் எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டாம் முறை அதே நிறம் எனக்கு வராது.

முதல் கோட்டை ஸ்பாஞ்சால் அழுத்தி, தோலின் வரிகளுக்குள் இறங்கும்படி. அடுத்த ஐந்து கோட்டும் மெல்லியதாக, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி. தேய்த்தால் இழுத்த கோடு தெரியும். தையல் நூலின் மேல் கனமாக ஏறினால் நூல் தெரியாமல் பொம்மை சீட் போல ஆகிவிடும், அங்கே மட்டும் ஈர ஸ்பாஞ்சால் உடனுக்குடன் துடைத்தேன். கீழே எண்ணெய் இருந்த மூலையில் ஒரு நாலணா அளவு கலர் பிடிக்காமல் விலகி வட்டமாக நின்றது. பன்னிரண்டாவது துணியின் லட்சணம் அவ்வளவுதான். அந்த இடத்தை மட்டும் மறுபடி துடைத்து, பைண்டர் போட்டு, முதலிலிருந்து.

நான்காவது கோட் ஈரமாக இருக்கும்போது காற்றடித்து, எதிர் எஸ்டேட்டிலிருந்து ஒரு சில்வர் ஓக் இலை வந்து முதுகுப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. எடுக்கப் போன என் கையை அண்ணன் பிடித்தார். "காயட்டும், அப்புறம் எடு. இப்ப எடுத்தா தோலோட வரும்." காய்ந்த பிறகு எடுத்தேன். நடு நரம்பும் கிளை நரம்புகளும் பதிந்து அச்சு எடுத்தது போல இருந்தது. அடுத்த இரண்டு கோட்டில் முக்கால்வாசி மறைந்தது.

தை, கடைசி

டாப்கோட்டில் சொல்ல அதிகமில்லை. கெட்டிப்படுத்தும் திரவத்தை அன்றைக்குத் தேவையான அளவில் மட்டும் கலக்க வேண்டும், கலந்தது மறுநாளைக்கு உதவாது. திறந்தவெளியில், முகமூடி போட்டுக்கொண்டு. மங்கலான மேட், பளபளக்கிற கிளாஸ் இரண்டும் வந்தன. மூன்று பங்கு மேட், ஒரு பங்கு கிளாஸ் சேர்த்தேன். முழு கிளாஸ் போட்டால் ரெக்சினா என்று கேட்பார்கள். மூன்று கோட்.

தொட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும் என்பதால் பத்து நாள் யாரையும் உட்கார விடவில்லை. அம்மாவுக்கு அதுதான் பெரிய குறை, "இத்தனை நாள் திண்ணையில நல்ல சேர் ஒண்ணு கிடக்கு, உட்காரக் கூடாதாம்" என்று பால்காரரிடம் வரை சொல்லியிருக்கிறார்.

மாசி, கடைசி

சீட் ஏறி மூன்று வாரம் ஆகிறது. வாரம் இரண்டு தடவை மேட்டுப்பாளையம் போய் வருகிறேன். அந்த வலது ஓரத்தில் பழைய வெடிப்பு இருந்த திசையிலேயே மெல்லிய மடிப்பு ஒன்று தெரிய ஆரம்பித்திருக்கிறது. வெடிப்பில்லை, மடிப்புதான், நகம் இடறவில்லை. இப்போதெல்லாம் இறங்கும்போது தேய்த்துக்கொண்டு சரியாமல் இடுப்பைத் தூக்கி இறங்குகிறேன்.

பக்கத்து சீட் இன்னும் பழைய கோலத்தில்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுக்கு மட்டும் கல்யாணம் ஆனது போல இருக்கிறது. குஷன் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, வெயிலில் இலையின் நரம்பு லேசாகத் தெரிகிற இடத்தில் விரலை வைத்து, "இது என்ன டிசைன் சார்?" என்றார். பாட்டிலில் பாதிக் கலர் மிச்சமிருக்கிறது. கோடை மழை பிடிப்பதற்குள் அடுத்த சீட்டை இறக்க வேண்டும், அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.