இரண்டு நாற்காலிக்கு நடுவே

ஜனவரி 6

ஆலோசனைக்குப் புதிதாக ஒரு தம்பதி வந்தார்கள். (இங்கே எழுதும்போது வயது, வேலை, சண்டைக்கான காரணம் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிடுகிறேன். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே ஆளாகியிருப்பார்கள். "இது நாங்கதானோ" என்று யாரும் தேட வேண்டாம்.)

உட்கார்ந்ததும், "நீங்களே சொல்லுங்க மேடம், யார் மேல தப்பு?" என்றார் மனைவி. கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். தீர்ப்பு சொல்லும் ஆசை எனக்கும் வராமல் இல்லை. சொன்னால் ஒருவர் ஜெயித்த முகத்தோடு வீட்டுக்குப் போவார், மற்றவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

அடுத்து இருவரையும் தனித்தனியாக ஒருமுறை பார்ப்பேன். அதற்கு முன்பே என் விதியைச் சொல்லிவிட்டேன்: உறவைப் பாதிக்கும் ரகசியத்தை ஒருவர் என்னிடம் தனியே சொன்னால், அதை மற்றவரிடமிருந்து மறைத்து வைத்துக்கொண்டு நான் இருவரோடும் வேலை செய்ய மாட்டேன். பயத்தால் சொல்லும் விஷயம் மட்டும் இதில் சேராது.

ஜனவரி 9

தனிச் சந்திப்புகள் முடிந்தன. இருவரிடமும் ஒரே கேள்வி: "வீட்ல உங்களுக்கு அவங்களைப் பார்த்தா பயம் இருக்கா?" அடி, மிரட்டல் இருக்கிற இடத்தில் தம்பதியாக உட்காரவைத்துப் பேசுவது ஆபத்து. இங்கே மனம் திறந்து சொன்னதற்கு அங்கே அடி விழும். அப்போது முதல் வேலை பாதுகாப்பு, மற்றதெல்லாம் பிறகு. இவர்களிடம் அது இல்லை.

இரவில் என் குறிப்புகளைப் புரட்டினேன். அவர் சொன்னது நான்கு வரி. அந்தம்மா சொன்னது இரண்டு பக்கம், அதில் மூன்று இடத்தில் அடிக்கோடு. யார் பக்கமும் சாயமாட்டேன் என்று சொன்ன கைதான் அந்த அடிக்கோட்டைப் போட்டிருக்கிறது. சூப்பர்விஷனில், என் வேலையை மூத்த ஆலோசகரோடு அலசும் சந்திப்பில், சொல்ல வேண்டும்.

ஜனவரி 13

தனியாக வரும் இளைஞர். மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 படிவத்தில் இன்று 17, மொத்தம் 27-க்கு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள் அதில் உண்டு. மதிப்பெண்ணைவிட ஒன்பதாவது கேள்விக்கு எங்கே டிக் விழுந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றியது அது. "சில நாட்கள்" என்று போட்டிருந்தார். படிவத்தோடு விடாமல் வாய்விட்டே கேட்டேன். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள், தூண்டாது. திட்டம் எதுவும் இல்லை என்றார், பெரிய மூச்சு விட்டார். மனநல மருத்துவரைப் பார்க்க ஒப்புக்கொண்டார்.

ஜனவரி 20

மறுபடி அந்தத் தம்பதி. பதினைந்தாவது நிமிஷம் கணவர் பேச்சை அடைத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றுமில்லை. "பாருங்க, இதுதான்! கல்லு மாதிரி!" என்றார் மனைவி.

கணவரிடம் இரண்டு விரலைத் தன் மணிக்கட்டில் வைக்கச் சொன்னேன், பதினைந்து நொடி துடிப்பை எண்ணச் சொன்னேன். 27. அப்படியென்றால் நிமிஷத்துக்கு 108. தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து, சண்டைக்கு நடுவே இதயத்துடிப்பை அளந்து பார்த்தவர் ஜான் காட்மன். துடிப்பு 100-ஐத் தாண்டினால் காதில் விழுவது மண்டையில் ஏறாது, குறைந்தது இருபது நிமிஷமாவது விலகியிருங்கள் என்பது அவர் அறிவுரை.

மனைவி அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ ஓடுதா உள்ள?" என்று கேட்டார். அவரிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை.

நம் பழைய பாட்டுகளில் வரும் ஊடலும் மௌனம்தான். ஆனால் ஊடலில் மௌனமே பேச்சு. வந்து சமாதானம் செய் என்று கூப்பிடும். இவருடைய மௌனம் கூப்பிடவில்லை, ஒளிந்துகொள்கிறது. மனைவி அதை அலட்சியம் என்று படித்து இன்னும் சத்தமாகத் தட்டுகிறார். இவர் இன்னும் உள்ளே போகிறார். யார் ஆரம்பித்தது என்று தேடினால் வட்டத்துக்கு முனை தேடுகிற கதை.

விலகும்போது எப்படிச் சொல்வது என்று அரைமணி பேசினோம். வீட்டை விட்டுக் கிளம்பும் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லையே, "போயிட்டு வரேன்" என்றுதானே சொல்கிறோம். சண்டைக்கு நடுவே எழுந்து போகும்போது மட்டும் அந்த "வரேன்" காணாமல் போய்விடுகிறது. எத்தனை மணிக்கு வருவேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள் என்றேன்.

ஜனவரி 24

மனைவியிடமிருந்து போன். "நான் சொன்னா கேக்க மாட்டார், நீங்க சொன்னதா சொல்லிடுங்க."

தலைவனுக்காகத் தூது வந்து கதவருகே நிற்பவரை 'வாயில்' என்பது அகப்பாட்டு மரபு. அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறார். இருவருக்கு நடுவே பதற்றம் கூடினால் மூன்றாவது ஆளை இழுத்து முக்கோணமாக்கிக்கொள்வார்கள் என்று குடும்ப சிகிச்சை முன்னோடி மறே போவன் எழுதியிருக்கிறார். இழுக்கப்படுவது பெருமையாகத்தான் இருக்கும், அதுதான் தொல்லை. "அடுத்த முறை நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன். கோபத்தோடு வைத்துவிட்டார்.

பிப்ரவரி 3

இருவரும் வந்தார்கள். பணத் தகராறு அப்படியேதான் இருக்கிறது. தம்பதிகளின் சச்சரவுகளில் ஏறக்குறைய 69 சதவீதம் தீராமலே கூடவரும் என்பது காட்மனின் கணக்கு, அதனால் நான் அதிகம் கவலைப்படவில்லை.

நடுவில் குரல் ஏறியது. அவர் எழுந்தார். கதவுவரை போனார், திரும்பினார். "பத்து நிமிஷம். வரேன்."

இருபது என்று திருத்த வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மனைவியும் நானும் தனியே. அவரைப் பற்றி ஏதோ சொல்ல வந்தவரைக் கைகாட்டி நிறுத்தினேன். பேசாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து ஆனது, பதினொன்றும் ஆனது. அந்தம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டில் கதவு திறந்தது. அடுத்தவருடைய செஷனைத் தாமதமாகத்தான் ஆரம்பிக்க முடிந்தது.